குயினோலினிக் அமிலக் குப்பிக்குள் என்ன இருக்கிறது? காரைக்குடியில் ஒரு பழைய எச்.பி.எல்.சி.யை ஓட வைத்த பதிவு

நரம்பு செல்களைக் கொல்வதற்கென்றே வாங்கிய குயினோலினிக் அமிலம் என்ற நஞ்சு ஒரு வாரம் கொல்கிறது, அடுத்த வாரம் கொல்ல மறுக்கிறது. அப்போது யாரைச் சந்தேகப்படுவது? பெரும்பாலும் செல்லைத்தான் சந்தேகப்படுகிறார்கள். செல் முதிர்ந்துவிட்டது, வளர்ப்புக் கரைசல் பழசு, இன்குபேட்டர் சரியில்லை என்று பட்டியல் நீள்கிறது. நஞ்சுக் குப்பியின் மேல் லேபிள் ஒட்டியிருப்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்தப் பதிவு அந்தக் குப்பியைக் கேள்வி கேட்டது பற்றியது. அதற்காக ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த ஒரு எச்.பி.எல்.சி. கருவியை (கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பது) கழற்றி, கழுவி, மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. அதையும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொருள். நாம் சாப்பிடும் புரதத்தில் இருக்கும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தில் மிகப் பெரும் பங்கு, 90 விழுக்காட்டுக்கும் மேல், கைனுரெனின் என்ற பாதையில்தான் உடைகிறது. தூக்கத்தோடும் மனநிலையோடும் சேர்த்துப் பேசப்படும் செரட்டோனினுக்குப் போவது சிறு பங்கு. கைனுரெனின் பாதையில் பாதிக்கு மேல் வந்தபின் உருவாகும் ஒரு நிலையற்ற சேர்மம், எந்த நொதியின் துணையும் இல்லாமல் தானாகவே வளையமாக மூடிக்கொண்டு குயினோலினிக் அமிலம் ஆகிறது. உடலுக்கு அது வேண்டியதுதான். அதிலிருந்துதான் என்.ஏ.டி. என்ற, ஒவ்வொரு செல்லுக்கும் இன்றியமையாத மூலக்கூறு புதிதாகக் கட்டப்படுகிறது. சிக்கல் அது மூளையில் அளவு மீறித் தேங்கும்போது வருகிறது. நரம்பு செல்லின் மேல் இருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பியில் குளூட்டமேட் உட்காரும் இடத்திலேயே இது உட்காருகிறது. வாயில் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. பாய்ச்சல் நிற்காவிட்டால் செல் சாகிறது.

இது தெரியவந்த வரலாறும் நீளமானதில்லை. 1978இல் லாபின் இதை எலிகளின் மூளை அறைக்குள் செலுத்தியபோது வலிப்பு வந்ததைப் பதிவு செய்தார். 1981இல் ஸ்டோனும் பெர்கின்ஸும் இது நரம்பு செல்களைத் தூண்டுவது என்.எம்.டி.ஏ. ஏற்பி வழியாக என்று காட்டினார்கள். 1983இல் ஷ்வார்ஸும் அவருடைய குழுவும் எலி மூளையில் இது செல்களை அழிப்பதைக் காட்டினார்கள். 1986இல் பீலும் உடனிருந்தவர்களும், இதைக் கொண்டு எலி மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் உண்டாக்கும் சேதம் ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயில் காணும் வேதி மாற்றங்களை ஒத்திருப்பதைச் சொன்னார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஆய்வகங்களில் இது ஒரு கருவி. நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் முதலில் செல்லை இதனால் காயப்படுத்துகிறார்கள், பிறகு தங்கள் மருந்து காப்பாற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். காயப்படுத்தும் பொருளின் அளவு ஆடினால் மருந்தைப் பற்றிச் சொல்லும் எல்லாமே ஆடும்.

எங்கள் ஊர் மாணவி ஒருத்தி மதுரையில் ஓர் ஆய்வகத்தில் எலியின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த நரம்பு செல்களை வளர்த்து இந்தச் சோதனையைச் செய்கிறாள். வாரத்துக்கு வாரம் முடிவு மாறுகிறது என்று சொல்லி, தன் ஸ்டாக் கரைசலில் (செறிவாகச் செய்து வைத்து, வேண்டியபோது நீர்த்துப் பயன்படுத்துவது) கொஞ்சம் ஐஸ் பெட்டியில் வைத்து மேலூர், திருப்பத்தூர் வழியாக பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டாள். "அண்ணே, இது பத்து மில்லிமோலார்னு எழுதியிருக்கேன். பத்துதானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். மில்லிமோலார் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு. நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். கருவி இருந்தது, ஓடவில்லை.

கருவி எளிமையானது. ஒரே பம்ப், கையால் திருப்பும் இன்ஜெக்டர், 20 மைக்ரோலிட்டர் லூப், புற ஊதா டிடெக்டர். கணினியோடு சேர்த்தால் வரைபடம் வரும். முன்பு ஓட்டியவர்கள் பாஸ்பேட் பஃபரை (பி.எச். மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) கழுவி வெளியேற்றாமல் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். பம்ப் தலையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. இந்த நிலையில் சுவிட்சைப் போடவே கூடாது. உள்ளே ஓடும் பிளஞ்சர் செயற்கை நீலக்கல்லால் ஆன மெல்லிய தண்டு. உப்புப் படிகத்தோடு அது முன்னும் பின்னும் உராய்ந்தால் சீல் கிழியும், சில சமயம் தண்டே கீறல் விழும். அதனால் முதலில் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரை ஊசியால் பம்ப் தலைக்குள் மெல்ல ஏற்றி, ஊறவிட்டு, மறுபடி ஏற்றி, உப்பு கரைந்து வரும்வரை பொறுத்தேன். மெத்தனாலை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. பாஸ்பேட் உப்பு மெத்தனாலில் கரையாது, இருக்கிற இடத்திலேயே இறுகிவிடும்.

பிறகு கழற்றினேன். பிளஞ்சர் தப்பித்திருந்தது. சீல் போய்விட்டது, மாற்றினேன். கவனம் வேண்டியது செக் வால்வுகளில். பம்புக்குள் திரவம் ஒரு திசையில் மட்டும் போக வேண்டும் என்பதற்காக உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் ஒவ்வொன்று இருக்கும். ஒரு கெம்புக் குண்டு, அது உட்காரும் நீலக்கல் இருக்கை. இரண்டும் செயற்கைக் கற்கள்தான், ஆனால் அசல் கல்லின் கடினமும் மழமழப்பும் அவற்றுக்கு உண்டு. குண்டின் மேல் ஒரு துகள் ஒட்டினாலும் அது சரியாக உட்காராது, அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இவற்றை அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்துக் குலுக்க வேண்டும். எங்கள் தொட்டி பழுது. நகைக்கடைகளுக்கு வேலை செய்யும் பத்தர் ஒருவர் சங்கிலி கழுவ வைத்திருக்கும் தொட்டியைக் கேட்டேன். தொட்டியின் பழைய சோப்புத் தண்ணீரை மாற்றி, சிறிய பீக்கரில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, வால்வுகளைப் போட்டு, மூடி, பீக்கரை மட்டும் தொட்டித் தண்ணீரில் நிறுத்தினோம். கால் மணி நேரம் போதும். ஆல்கஹாலைத் தொட்டியிலேயே நேரே ஊற்றக் கூடாது, தீப்பிடிக்கும். எடுத்த குண்டைப் பத்தர் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, "ஒரு பக்கம் லேசா கறை இருக்கு தம்பி, கல்லு சுத்தம்" என்றார். அந்தக் கறை இரண்டாம் முறை குலுக்கியதில் போனது. கெம்பை இவ்வளவு கிட்டத்தில் வைத்து ஆராய்கிற கண் எந்த ஆய்வகத்திலும் கிடையாது. செட்டிநாட்டில் கருவி வேலை செய்கிறவர்கள் இந்த உதவியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

டிடெக்டரின் டியூட்டீரியம் விளக்கையும் மாற்ற வேண்டியிருந்தது. இந்த விளக்குகள் எரிந்த மணிக்கணக்கில்தான் முதுமை அடைகின்றன, ஆயிரம் இரண்டாயிரம் மணி நேரத்துக்குப் பிறகு ஒளி குறைந்து இரைச்சல் கூடும். புதுசைப் பொருத்தும்போது குவார்ட்ஸ் கண்ணாடியில் விரல் படக்கூடாது. பட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கைரேகை அப்படியே சுட்டுப் படிந்துவிடும்.

விளக்கு புதுசு, பம்ப் சீராக ஓடுகிறது, ஆனாலும் வரைபடத்தின் அடிக்கோடு நடுங்கியது. மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தால் பத்து வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்பணியாளர் அண்ணன் வந்து எர்த் குழியைத் திறந்தார். "காஞ்சு கெடக்கு தம்பி. செம்புராங்கல்லு மண்ணு, சித்திரை வெயிலு. தண்ணி காட்டாம எர்த்து எங்க நிக்கும்?" கரித்தூளும் உப்பும் போட்டு, தண்ணீர் விட்டு நிரப்பினார். அதன் பிறகு மாலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அந்தக் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. அடிக்கோடு அடங்கியது. கருவி நிறுவனத்துக்குப் போன் செய்து எலக்ட்ரானிக் போர்டை மாற்றச் சொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிப்பதற்கு அருமையானது, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் எச்.பி.எல்.சி.க்குள் எந்த ஊரின் நிலத்தடி நீரும் போகக் கூடாது. அதில் இருக்கும் உப்புகள் பாஸ்பேட்டோடு சேர்ந்து படியும். அயனி நீக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த நீர் மட்டும்தான். பாஸ்பேட் பஃபரையும் எங்கள் வெயிலில் நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது, பாக்டீரியா வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் கலக்குகிறேன்.

இனி பிரித்தல். கையில் இருந்தது 25 சென்டிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள சி-18 பிரிப்புக் குழாய், அதாவது எண்ணெய் போன்ற கரிமச் சங்கிலிகள் பூசிய துகள்கள் நிரப்பியது. நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் ஓட்டினால், எதிலும் ஒட்டாத பொருள் ஏறக்குறைய இரண்டரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அப்படி ஒட்டாத யுராசிலை ஏற்றி அதைச் சரிபார்த்தேன். அடுத்து, புதிதாக வாங்கிய குயினோலினிக் அமிலத்தை பி.எச். 6.5 பாஸ்பேட்டில் ஏற்றினால் அதுவும் யுராசில் வரும் நேரத்துக்கே வந்து நின்றது. எதிர்பார்த்ததுதான். இந்த மூலக்கூறில் ஒரு பிரிடின் வளையம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்பாக்சில் குழுக்கள். பி.எச். 5 தாண்டினால் இரண்டுமே எதிர்மின்சுமை ஏறி நிற்கும். அவ்வளவு மின்சுமையோடு தண்ணீரை விட்டு எண்ணெய் போன்ற சி-18இல் எதற்கு ஒட்டப் போகிறது? அந்த முதல் குவியலில் உப்பு வரும், சர்க்கரை வரும், எல்லாக் குப்பையும் வரும். அங்கே வரைபடத்தில் எழும் சிகரத்தை அளந்து "பத்து மில்லிமோலார்" என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

பி.எச்.சை 2.5க்கு இறக்கிப் பார்த்தேன். கொஞ்சம் பின்னால் நகர்ந்தது, போதவில்லை. அயனி இணை முறைக்கு மாறினேன். டெட்ராபியூட்டைல் அமோனியம் என்ற நேர்மின்சுமை கொண்ட பெரிய அயனியை ஓடும் கரைசலில் கலந்துவிட்டால் அது ஒரு பக்கம் சி-18இல் ஒட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு நான் போட்டது: டெட்ராபியூட்டைல் அமோனியம் ஹைட்ரஜன் சல்பேட் 1.7 கிராம், அதாவது 5 மில்லிமோலார். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.7 கிராம், அதாவது 20 மில்லிமோலார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 6.5. இதில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் மெத்தனால். டிடெக்டர் 268 நானோமீட்டரில். இப்போது சிகரம் குப்பைக் குவியலை விட்டு நன்றாக விலகி வந்தது. மெத்தனாலைக் கூட்டினால் முன்னால் வரும், குறைத்தால் பின்னால் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். அயனி இணைக் கரைசல் போட்டால் குழாய் நிலைபெற நிறைய நேரம் எடுக்கும். அவசரப்பட்டு முதல் சில ஓட்டங்களை நம்பக் கூடாது. அப்படி ஓட்டிய குழாயை வேறு வேலைக்குத் திருப்பவும் கூடாது, டெட்ராபியூட்டைல் அமோனியம் முழுசாகப் போகவே போகாது. இந்த வேலைக்கென்று ஒரு குழாயை ஒதுக்கி, பெயர் எழுதி வைத்துவிட்டேன். மற்றொன்று, மாதிரியையும் ஓடும் கரைசலிலேயே நீர்த்து ஏற்ற வேண்டும். வெறும் தண்ணீரில் கரைத்து ஏற்றினால் எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லாத போலிச் சிகரங்கள் எழும்.

சிகரம் வந்தது, ஆனால் பின்பக்கம் வாலாக இழுத்துக்கொண்டு வந்தது. இங்கேதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம். பிரிடினின் நைட்ரஜனும் பக்கத்துக் கார்பாக்சிலும் சேர்ந்து உலோக அயனியை நண்டுக் கொடுக்காகக் கவ்வும். பழைய எஃகுக் குழாய்கள், பழைய வடிகட்டித் தகடுகள், எல்லாவற்றிலும் இரும்பின் சுவடு இருக்கும். அமிலம் போகிற வழியெல்லாம் இரும்பைத் தொட்டுத் தொட்டுப் போவதால்தான் வால். ஓடும் கரைசலில் லிட்டருக்கு 37 மில்லிகிராம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. சேர்த்தேன், அது 0.1 மில்லிமோலார். ஈ.டி.டி.ஏ. இரும்பைத் தான் பிடித்துக்கொண்டது, வால் சுருங்கியது. உயிரியலிலும் இதே குணம் பேசப்படுகிறது. குயினோலினிக் அமிலமும் பெரஸ் இரும்பும் சேர்ந்த கூட்டு, ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்கிக் கொழுப்புப் படலங்களைச் சிதைக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். அதாவது இது ஏற்பி வழியாக மட்டும் கொல்வதில்லை. என் எஃகுக் குழாயில் வாலாகத் தெரிந்த அதே கவ்வல் மாணவியின் வளர்ப்புத் தட்டிலும் வேலை செய்யலாம்.

வெயிலால் ஒரு தொல்லை. காலையில் ஏற்றினால் ஒரு நேரம், பிற்பகலில் ஏற்றினால் இன்னொரு நேரம் என்று சிகரம் நகர்ந்தது. பிரிப்புக் குழாயை ஒரே சூட்டில் வைக்கும் அடுப்பு எங்களிடம் இல்லை. ஊரின் கல்லுக்கட்டிப் பகுதியில் ஒரு கடையில் குளிர்சாதனக் குழாய்க்குப் போடும் கறுப்பு நுரை உறை வாங்கி, குழாயை அதற்குள் செருகி, அதன் மேல் அலுமினியத் தாள் சுற்றினேன். அறையின் ஏ.சி.யை ஒரே அளவில் வைத்து, ஒவ்வொரு சில மாதிரிக்கும் நடுவில் தரக்கரைசலை, அதாவது செறிவு தெரிந்த கரைசலை, மறுபடி ஏற்றுகிறேன். இடையிடையே ஏற்றும் அந்தத் தரக்கரைசலோடு ஒப்பிடுவதால் நகர்வு கணக்கைக் கெடுப்பதில்லை.

தரக்கரைசலே சரியா என்பது அடுத்த கேள்வி. குயினோலினிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 167.12. எனவே 16.7 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார். தனித்தனியாக இரண்டு முறை எடை போட்டு இரண்டு கரைசல் செய்து, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும். எடை போடும்போது மின்விசிறியை அணைத்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். தூள் பறக்கக் கூடாது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் இது எளிதில் கடக்காது என்பது உண்மைதான், அதற்காக ஒரு நரம்பு நஞ்சை அலட்சியமாகக் கையாள்வதற்கில்லை. மீதியும் கழிவும் தனி பாட்டிலில், சாக்கடையில் இல்லை.

எச்.பி.எல்.சி. இல்லாதவர்கள் ஒரு பியூரெட்டைக் கொண்டே பாதி உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த அமிலம் இரண்டு புரோட்டான்களைத் தரும். 16.7 மில்லிகிராமை நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சரியாக 2 மில்லிலிட்டர் பிடிக்க வேண்டும், பினால்ப்தலீன் நிறம் மாறும் இடத்தில். ஹைட்ராக்சைடைப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். குப்பிக்குள் இருப்பது கார்பாக்சிலை இழந்து நிக்கோடினிக் அமிலமாக மாறியிருந்தால் அதே எடைக்கு ஏறக்குறைய 1.36 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். இடைப்பட்ட அளவு வந்தால் சந்தேகப்படலாம். சிறு அளவு என்பதால் நுண்பியூரெட் வேண்டும்.

நிக்கோடினிக் அமிலத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், குயினோலினிக் அமிலம் 190 டிகிரிக்கு அருகே உருகும்போதே கார்பன் டைஆக்சைடை விட்டு நிக்கோடினிக் அமிலமாக, அதாவது பி-3 வைட்டமினாக, மாறிவிடும். நரம்பு நஞ்சுக்கும் வைட்டமினுக்கும் இடையில் ஒரு கார்பாக்சில் குழுதான். இதைக் கண்ணால் பார்க்க ஒரு சிட்டிகைத் தூளைச் சோதனைக் குழாயில் எடுத்து, புகைக்கூண்டுக்குள் எண்ணெய்க் குளியலில் சூடாக்கினேன். உருகும்போது நுரைத்தது. ஆறிய மிச்சத்தைக் கரைத்து ஏற்றினால், கடையில் வாங்கிய நிக்கோடினிக் அமிலம் வரும் அதே நேரத்தில் சிகரம். ஒரே மின்சுமை உள்ளதால் அது குயினோலினிக் அமிலத்துக்கு நன்றாக முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆக இந்த முறை இரண்டையும் பிரிக்கிறது என்பது உறுதியானது. மாணவியின் கரைசலில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கெட்டுப்போகவில்லை.

அப்படியானால் எது ஆடுகிறது? அவளுடைய ஸ்டாக் ஒரு 15 மில்லிலிட்டர் குழாயில், நிமிர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைத்தது. வேண்டியபோது இளக வைத்து, மேலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, மறுபடி உறைய வைத்திருக்கிறாள். நான் அதை இளக விட்டு, குலுக்காமல், மேலிருந்து ஒரு துளியும் அடியிலிருந்து ஒரு துளியும் எடுத்து ஒரே அளவில் நீர்த்து ஏற்றினேன். அடியில் எடுத்ததன் சிகரம் மேலே எடுத்ததைவிடத் தெளிவாகப் பெரியது. தண்ணீர் மெல்ல உறையும்போது தூய பனிக்கட்டியாக உறையப் பார்க்கும், கரைந்திருப்பதை ஒதுக்கித் தள்ளும். ஒதுக்கப்பட்ட செறிந்த கரைசல் இளகும்போது கனத்தால் அடிக்குப் போகும். நன்றாகக் கலக்கினேன், இரண்டு துளியும் ஒன்றாகிவிட்டன, பத்து மில்லிமோலாருக்கு அருகிலேயே. அவள் லேபிள் பொய் சொல்லவில்லை. ஆனால் கலக்காமல் மேலிருந்து எடுத்த வாரங்களில் செல்லுக்குப் போனது பத்தைவிடக் குறைவு, குழாய் காலியாகி அடிக்கு வந்தபின் போனது பத்தைவிடக் கூடுதல். எங்கள் பக்கம் மின்சாரம் போய்ப் போய் வரும் நாள்களில் பிரீசருக்குள்ளேயே இளகி உறைந்து இது இன்னும் மோசமாகும்.

இரண்டாவது காரணம் பி.எச். காகிதத்தை நனைத்தவுடனே தெரிந்தது. வெறும் தண்ணீரில் கரைத்த 10 மில்லிமோலார் கரைசலின் பி.எச். ஏறக்குறைய 2.4. "கன்ட்ரோலுக்கு, அதான் நஞ்சு இல்லாம ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு, என்னம்மா வச்சே?" என்று கேட்டேன். "வெறும் தண்ணிதான் அண்ணே, அதே அளவு." பைகார்பனேட் நிறைய உள்ள வளர்ப்புக் கரைசலில் இது ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் அவள் நஞ்சு கொடுக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் மக்னீசியம் இல்லாத உப்புக் கரைசலுக்கு மாற்றுகிறாள். அப்படி மாற்றுவது சரிதான், மக்னீசியம் இருந்தால் அது என்.எம்.டி.ஏ. வாயிலின் தொண்டையை அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்த உப்புக் கரைசலில் பஃபர் வலு குறைவு. அங்கே ஒரு மில்லிமோலார் நஞ்சு என்றால் இரண்டு மில்லிமோலார் புரோட்டானும் கூடவே போகிறது. செத்த செல்லில் எத்தனை ஏற்பியால் செத்தது, எத்தனை புளிப்பால் செத்தது என்று இனிமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. புளிப்பு வேறு ஒரு திசையிலும் இழுக்கும்: பி.எச். இறங்கினால் என்.எம்.டி.ஏ. ஏற்பியே மந்தமாகும். இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவில் வாரந்தோறும் வேறு முடிவு வருவதில் வியப்பில்லை.

புதிய ஸ்டாக்கை இங்கேயே சேர்ந்து செய்தோம். 16.7 மில்லிகிராம் அமிலம், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஏறக்குறைய 2 மில்லிலிட்டர், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச். 7.4, பிறகு தண்ணீரால் 10 மில்லிலிட்டர், கிருமி வடிகட்டியில் வடித்தல். சோடியம் பாஸ்பேட் பஃபரில் கரைப்பதை வேண்டாம் என்றேன். உறையும்போது டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகி வெளியேறி, மீதிக் கரைசலைப் புளிப்பாக்கிவிடும். செய்ததை அரை மில்லிலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைத்தோம். ஒரு குழாய் ஒரு முறைக்கு மட்டும். இளகியதும் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும், மீதியை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

பிரீசரில் ஒரு சிறு டப்பாவில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருக்கிறோம். நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. பனிக்குள் இறங்கியிருந்தால், நாம் இல்லாத நேரத்தில் மின்சாரம் நீண்ட நேரம் போய் எல்லாம் இளகி உறைந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கு ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு குழாயை எடுத்து எச்.பி.எல்.சி.யில் பார்த்துவிட்டே மற்றதைத் தொட வேண்டும்.

நஞ்சோடு கன்ட்ரோல் குழாய்களையும் கொடுத்து அனுப்பினேன். ஒன்றில் 20 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, அதே பி.எச்.சில். நஞ்சோடு போகும் சோடியத்தின் பங்கைத் தனியே பார்க்க அது. இன்னொன்றில் 20 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பழைய கரைசல் கொடுத்திருக்கக்கூடிய அதே புரோட்டான் சுமைக்கு. இவற்றோடு என்.எம்.டி.ஏ. வாயிலை அடைக்கும் எம்.கே.-801ஐ முன்பே கொடுத்துவிட்டு நஞ்சு கொடுக்கும் ஒரு வரிசையும் தட்டில் இருக்க வேண்டும் என்று பேசி வைத்தோம். அது காப்பாற்றினால்தான் ஏற்பி வழியாகச் செத்தது என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

இந்தக் கருவியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். புற ஊதா டிடெக்டரால் ஸ்டாக் கரைசலையும் மைக்ரோமோலார் அளவுகளையும் பார்க்கலாம். உடலில் இயல்பாக இருக்கும் குயினோலினிக் அமிலம் நானோமோலார் அளவுகளில் இருக்கிறது. இரத்தத்திலோ மூளைத் தண்டுவட நீரிலோ அதை அளக்க வேண்டுமென்றால் ஆவியாகும் வடிவத்துக்கு மாற்றி வாயு நிறப்பிரிகை நிறை நிறமாலையில் பார்க்க வேண்டும், அல்லது திரவ நிறப்பிரிகையோடு இணைந்த நிறை நிறமாலை வேண்டும். அயனி இணைக் கரைசலை அந்தக் கருவிக்குள் விடவும் முடியாது, உப்பு உள்ளே படிந்து கெடுத்துவிடும். "எங்க ஊருல நோயாளியோட ரத்தத்தையும் பாத்துரலாமா?" என்று கேட்டவர்களுக்கு இல்லை என்றே சொன்னேன். அதே பாதையின் டிரிப்டோபனையும் கைனுரெனினையும் இரத்தத்தில் பார்ப்பது எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கைனுரெனின் 360 நானோமீட்டருக்கு அருகே நன்றாக உறிஞ்சும், டிரிப்டோபன் தானே ஒளிரும். ஒரு ஒளிர்வு டிடெக்டர் கிடைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் கழுவுகிற வரிசை இது, சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதலில் பஃபர் இல்லாத, பத்துக்கு ஒன்று மெத்தனால் கலந்த நீர், அரை மணி நேரம். அதன் பிறகே சரிபாதி மெத்தனால் நீர். கடைசியில் பம்ப் தலையின் பின்பக்கத்தை ஊசியால் நீர் விட்டுக் கழுவுதல். கருவியை மறுபடி மூடி வைக்க நேர்ந்தால் இந்த வரிசை முடியாமல் மூடக் கூடாது.

புதிய ஸ்டாக்கில் மாணவியின் முடிவுகள் இப்போது வாரத்துக்கு வாரம் ஒத்துப்போகின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலக் குழாய் மட்டுமே கொடுத்த செல்களிலும் சாவு தெரிந்தது, பழைய எண்களில் ஒரு பங்கு புளிப்பின் பங்கு என்பது அதிலிருந்து தெளிவு. எம்.கே.-801 பெரும்பகுதியைக் காப்பாற்றுகிறது, முழுவதையும் இல்லை. அந்த மீதி இரும்பினால்தானா என்று பார்க்க, அடுத்த தட்டில் இரும்பைக் கவ்வும் டெஸ்ஃபெராக்ஸமின் ஒரு வரிசை வைக்கப் போகிறாள். அதற்கான கரைசல்களின் அளவை இங்கே பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.